முன்பனிக்கால எடையேற்றமும் அதன் நிமித்தமும்: ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

நாவல்களில் குடை, சிறுகதைகளில் திண்ணை, புதுக்கவிதைகளில் ஜன்னல் என்று எதை எடுத்தாலும் அதில் யாரோ ஒருவர் முனைவர் பட்டம் வாங்கியிருப்பார். மார்கழி முதல் தேதி இடுப்பில் ஒழுங்காக நின்ற கால்சட்டை, தை முதல் தேதி பொத்தான் போட மறுப்பதேன் என்ற வினா மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அப்பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முனைகிறது. முனைகிறதே தவிர, நீக்கும் என்று உறுதி கூறவில்லை. ஆய்வேடுகளில் அது மரபன்று.

ஆய்வு எல்லை

காலம்: டிசம்பர் நடுவில் பிறக்கும் மார்கழி தொடங்கி, அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு ஆகியவற்றை ஊடறுத்துக் காணும் பொங்கல் மறுநாள் வரை. இடம்: சென்னை. பிற ஊர்களில் எடை ஏறவில்லை என்பது இதன் பொருளன்று. ஆய்வாளருக்குப் பயணப்படி கிடைக்கவில்லை என்பதே பொருள்.

கருதுகோள்

பண்டிகையே எடையை ஏற்றுகிறது. (இக்கருதுகோள் பின்னர் கைவிடப்படும். ஆயினும் கருதுகோள் இல்லாத ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் ஏற்பதில்லை.)

ஆய்வு முன்னோடிகள்

இத்துறையில் மேலைநாட்டார் முந்திக்கொண்டனர். 2000ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த கட்டுரை ஒன்று 195 அமெரிக்கர்களை எடைபோட்டது. நவம்பர் இறுதியில் அவர்கள் வான்கோழி உண்ணும் நாள் முதல் புத்தாண்டு கழியும் வரை ஏறிய சராசரி எடை 0.37 கிலோ. அரைக் கிலோ மைசூர்பாகுப் பெட்டிக்கும் குறைவு. இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. எடைபோடப்பட்டவர்கள் தமக்கு ஏறியதைவிட அதிகமாக ஏறிவிட்டதென்றே நம்பினர், இது முதலாவது. ஏறியது பிறகு வந்த வசந்தத்திலும் கோடையிலும் இறங்கவில்லை, இது இரண்டாவது. முதலாவது ஆறுதல் தரும். இரண்டாவது அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

2018 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பர்மிங்காம் ஆய்வாளர்கள் 272 பேரை இரு குழுவாகப் பிரித்துச் சோதித்த முடிவை வெளியிட்டனர். ஒரு குழுவுக்கு நலவாழ்வுத் துண்டறிக்கை மட்டும் தரப்பட்டது. மற்றக் குழுவினர் வாரம் இருமுறையாவது எடை பார்த்துக் குறிக்க வேண்டும். சில யோசனைகளும், இன்ன பண்டத்தைத் தின்றால் இவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியலும் அவர்களிடம் தரப்பட்டன. எடை பார்த்தவர்களுக்குச் சராசரி 0.13 கிலோ இறங்கியது. துண்டறிக்கை வாங்கியவர்களுக்கு ஏறியது எவ்வளவு என்றால், அதே 0.37 கிலோ. இடையே 18 ஆண்டும் ஒரு பெருங்கடலும் கிடக்க, எண் மாறவில்லை. தமிழாய்வில் இரண்டு நூல்கள் இப்படி ஒத்துப்போயிருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று மூன்று தலைமுறை சண்டையிட்டிருப்போம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க்கை விட்டுவிட இயலாது. கிண்ணம் அடியிலிருந்து கமுக்கமாக நிரம்பிக்கொண்டே இருந்தால் மனிதன் அறியாமல் கூடுதலாகச் சூப்புக் குடிப்பான் என்று காட்டி, வேடிக்கையான ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 2007இல் பெற்றவர் இவர். ஆய்வுத் தரவுகளைத் தவறாக அறிவித்தார், சரிவரப் பேணவில்லை என்று 2018இல் அவருடைய பல்கலைக்கழகமே முடிவுகட்டியது. அந்த வாரத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கத்து இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றன. எடைக்குறைப்பு வரலாற்றில் இதைவிட வேகமான இறக்கம் ஆய்வாளருக்குத் தெரிந்து வேறில்லை.

வள்ளுவர்: அளவறிந்து உண்ணச் சொல்லும் 95ஆம் அதிகாரம். இதுபற்றி வேண்டிய அளவு மேடைகளில் பேசியாயிற்று.

முதல், கரு, உரி

எப்பொருளையும் திணைக்குள் அடைத்தாலன்றி நம்மவர்க்கு உறக்கம் வாராது. ஆகவே அடைக்கப்படுகிறது.

முதற்பொருள்: பெரும்பொழுது முன்பனி, அதாவது மார்கழியும் தையும். சிறுபொழுது வைகறை. நிலம், சபா கேன்டீனும் கோயில் பிராகாரமும் அவை சார்ந்த இடமும்.

கருப்பொருள்: உணவு வெண்பொங்கல். நீர் டிகிரி காபி. பறை குக்கர் விசில். விலங்கு நடைப்பயிற்சியாளரை ஓடவைக்கும் தெருநாய். ஆடை குரங்குக் குல்லா. (இருபது டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிருக்கு இது தேவைதானா என்று வினவுவோர், அதிகாலை ஐந்து மணிக்கு மயிலாப்பூர் மாடவீதியில் நின்று வினவுக.)

உரிப்பொருள்: தள்ளிப்போடுதலும் தள்ளிப்போடுதல் நிமித்தமும். "பொங்கல் போகட்டும், பார்த்துக்கலாம்" என்பது இத்திணையின் கூற்று. அந்தப் 'பார்த்துக்கலாம்' எப்போது என்பதில் உரைவேறுபாடு உண்டு. தைப்பூசம் என்பாரும், சிவராத்திரி என்பாரும், "அடுத்த வருஷம்தான் பாரேன்" என்பாரும் உளர் (எதிர்வீட்டு மாமி, வாய்மொழி).

உண்போர் வகைமை

1. ஜனவரியில் ஜிம்மில் சேர்வோர்: ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டுவர். பிப்ரவரியில் இவ்வினம் அருகிவிடுவதால் மாதிரி கிடைக்கவில்லை.

2. கேக் உண்போர்: கிறிஸ்தவ அண்டைவீட்டார் அமையப்பெற்றோர். கன்னியாகுமரி மாவட்டத்தில் இவர்க்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கூடுதல் பேறு.

3. வடையர்: அனுமன் ஜயந்திக்கு நாமக்கல் ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடை கோத்த மாலை சாத்தப்படுகிறது. தெய்வம் ஒரு வடையையும் உண்ணாமல் அத்தனையையும் பக்தர்க்கே விட்டுவிடுகிறது. இவ்வகையினர் இதனின்றும் கற்றது பிற்பாதியை மட்டுமே.

4. நடப்போர்: தினம் 10,000 அடி என்று கைக்கடிகாரத்தில் வைத்திருப்பர். அந்த எண் மருத்துவ நூல் எதிலிருந்தும் வந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. ஆயினும் பூங்காவில் அதற்கு வேதவாக்கின் மதிப்பு உண்டு. சுற்று முடிந்ததும் வாசலில் அருகம்புல் சாறு, அதன் கசப்புத் தீர எதிர்ப்புற ஓட்டலில் ஒரு பொங்கல் வடை, "நடந்தாச்சே சார், ஒண்ணும் பண்ணாது" என்ற தீர்ப்புடன் (பூங்கா பெஞ்சு, இடப்பக்கம், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், வாய்மொழி, காலை ஆறே கால்). இங்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியரை நினையாதிருக்க முடியவில்லை. ஓரடியில் கிடக்கும் சொல்லைப் பல அடி தள்ளிக் கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கொண்டவர் அவர். இவர்களோ மார்கழியில் உண்டதைப் பங்குனியில் நடக்கப்போகும் நடையோடு மாட்டிக் கணக்கு முடிக்கின்றனர். கொண்டுகூட்டு இலக்கணத்தில் ஏற்புடையது, இடுப்பில் அன்று.

5. விரதியர்: வைகுண்ட ஏகாதசியன்று அன்னம் தொடமாட்டார்கள். விலக்கப்பட்டது அரிசிச்சோறு. ரவை அரிசியன்று, ஆதலின் உப்புமா விலக்கில் அடங்காது. சேமியா அதனினும் அன்று. பழம் கேட்கவே வேண்டாம். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கு நீக்கி, சாதாரண நாளில் உண்பதைவிட ஒரு பண்டம் கூடுதலாக உண்டு உபவாசம் முடிக்கும் தர்க்கத்திறன், நியாய சாத்திரம் கற்றோரிடத்தும் அரிது. மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று விரதத்தின் நலிவு முழுதும் ஈடுசெய்யப்படுகிறது. இவ்வழக்குக்கு ஆதாரம் கேட்டபோது காட்டப்பட்டது: (குடும்ப வாட்ஸ்அப் குழு, பலமுறை அனுப்பப்பட்டது என்ற முத்திரையுடன், மூத்த மாமா தொகுத்தது, மறுபதிப்பு தினமும்).

6. ரசிகர்: 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து முளைத்து, 1928இல் மியூசிக் அகாடமியாக உருப்பெற்றது டிசம்பர் சீசனின் வித்து. இசைக்கென்று முளைத்த அவ்வித்தின் நிழலில் இன்று தழைத்திருப்பது கேன்டீன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் எழும் சலசலப்பு மிருதங்கத்தின் மீதான வெறுப்பன்று. கீரைவடை தீர்ந்துவிடுமோ என்ற அச்சம். எந்தச் சபாவில் யார் பாட்டு என்பதினும், எந்தச் சபாவில் யார் சமையல் என்பதில் இவர்தம் புலமை ஆழமானது.

நெய்யியல்

இவ்வாய்வின் உயிர்நிலை இனிமேல்தான்.

திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நோன்பின் விதிகள் வருகின்றன: நெய் இல்லை, பால் இல்லை. இருபத்தேழாம் பாசுரத்தில், பாற்சோற்றை மூடி முழங்கை வழியே வழிகிற அளவுக்கு நெய். அப்பாசுரம் பாடப்படும் மார்கழி இருபத்தேழாம் நாளே கூடாரவல்லி. ஜனவரி 11 அளவில் வரும். அன்று வைணவ இல்லங்களில் அக்காரவடிசல்.

ஒரே நூலில் நெய் விலக்கவும் படுகிறது, வழியவும் செய்கிறது. ஓர் உண்மையான ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டாம் பாசுரம் ஒருவரும் இருபத்தேழாம் பாசுரம் வேறொருவரும் இயற்றியது என்று ஒரு கட்டுரை. இல்லை, இடையில் நெய்விலை இறங்கியது என்று பொருளாதார நோக்கில் ஒரு கட்டுரை. முழங்கை என்பது குறியீடு என்று அமைப்பியல் நோக்கில் ஒரு கட்டுரை. அயல்நாட்டிலிருந்து ஒருவர் காணொளியில் தலைகாட்டினால் போதும், பன்னாட்டுக் கருத்தரங்கமே நடத்தலாம். பக்கத்துக்கு இவ்வளவென்று பணம் கட்டினால் அச்சேற்றும் ஆய்விதழ்களுக்கும் பஞ்சமில்லை. கருத்தரங்க மதிய உணவில் நெய் எந்தக் கொள்கைப்படி பரிமாறப்படும் என்பது அமைப்பாளரின் நிதிநிலையைப் பொறுத்தது.

முழங்கைவரை வழிய எவ்வளவு நெய் தேவை என்ற அளவையியல் வினா அடுத்து எழுகிறது. இதற்குச் சமையற்சுவடிகளே சான்று. அக்காரவடிசலுக்குக் கிடைத்துள்ள மூலபாடம் ஒன்றில் "நெய் வேண்டிய மட்டும்" என்றும், அதன் வழிப்படி ஒன்றில் "நெய் ஒரு கிண்ணம்" என்றும், பிற்காலப் படியில் "நெய் (டாக்டர் வேண்டாம்னார்) ஒரு ஸ்பூன்" என்றும் பாடவேறுபாடு காணப்படுகிறது (பெரியம்மா கைப்பிரதி, பலசரக்குச் சீட்டின் பின்புறம், பென்சில் எழுத்து, எண்ணெய்க்கறையால் நான்காம் வரி சிதைவு, மருமகள் படி, அதே சீட்டின் ஜெராக்ஸ், கிண்ணம் எந்தக் கிண்ணம் என்று விளிம்புக்குறிப்பு, மகள் படி, கைப்பேசிப் படம், அடைப்புக்குறி பிற்சேர்க்கை என்பது மையின் நிறத்தால் துணியப்படும்). மூத்த பாடமே கொள்ளத்தக்கது. "ஒரு ஸ்பூன்" இடைச்செருகல் என்பதற்கு, அப்படிச் செய்த அக்காரவடிசலைச் சுவைத்தோர் முகமே சான்று.

இனிக் கணக்கு. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. மேலைநாட்டாரின் 0.37 கிலோவுக்கு 2,850 வருகிறது. நெய்யில் கிராமுக்கு 9 கிலோகலோரி. ஆகவே அது முந்நூற்றுச் சொச்சம் கிராம் நெய். ஒரு மாதத்துக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குப் பத்து கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. கால்சட்டையின் பகை கூடாரவல்லிக் கிண்ணமன்று. கேட்காமலே தினமும் விழும் அந்த இரண்டு தேக்கரண்டிதான். காலையில் பிரசாதப் பொங்கல் ஒரு தொன்னை, மாலையில் கேன்டீன், இரவில் மீந்த கேக்கின் ஓரம், "வீணாப் போயிடுமே" என்று மறுநாள் சூடுபண்ணிய அக்காரவடிசல்: இவற்றின் கூட்டுத்தொகை அது. இதனால் நமது கருதுகோள், முன்னரே அறிவித்தபடி, கைவிடப்பட்டது.

ஆய்வு முடிபுகள்

திருப்பாவையின் கணக்கு நேரானது: இருபத்தாறு நாள் விலக்கு, ஒருநாள் விருந்து. நாம் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். மாதம் முழுதும் விருந்து, ஏகாதசி ஒருநாள் விலக்கு, அதுவும் உப்புமாவோடு. பண்டிகை என்பது ஒரு நாள், பருவமன்று. இதைக் கண்டுபிடிக்க ஆய்வேடு தேவையில்லை என்று புறத்தேர்வாளர் கூறக்கூடும். பெரும்பாலான ஆய்வேடுகளுக்கும் அது பொருந்தும்.

ஆகவே வாசகர்க்கு வேண்டுகோள் நான்கு. பர்மிங்காம்காரர்கள் செய்தபடி வாரம் இருமுறை எடை பாருங்கள். எண்ணைச் சுவரில் எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் டெய்லரிடம் பேசித் தீர்க்க முயலாதீர்கள். வழக்கமாக நடக்கும் நேரத்தை மழைக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், கச்சேரிக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூடாரவல்லியன்று மட்டும் நெய்யைக் குறைத்து அக்காரவடிசலைக் கெடுக்காதீர்கள். மிஞ்சினால் அன்றைக்கே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.