சாப்பாடு வேறு, டிபன் வேறு

நைனார்பாளையத்தில் சாப்பாடு என்றால் சோறு. ஆறு இட்லியும் இரண்டு தோசையும் உள்ளே போயிருந்தாலும், ‘சாப்ட்டாச்சா?’ என்று கேட்டால் ‘இன்னும் இல்ல, டிபன்தான் ஆச்சு’ என்று கூசாமல் சொல்லலாம். அது பொய்க் கணக்கில் சேராது. டிபன் என்பது வெள்ளைக்காரத் துரைமார் இந்தியாவில் மத்தியானம் கொறித்த சிற்றுணவுக்கு வைத்த பெயர். தமிழ்நாட்டில் அது காலையையும் மாலையையும் பிடித்துக்கொண்டு, பிறந்த வேளையான மத்தியானத்தைச் சோற்றிடம் பறிகொடுத்துவிட்டது.

அமெரிக்காவிலும் இந்த வழக்கு தீரவில்லை. ‘டின்னர்’ பெரும்பாலோருக்கு இராச்சாப்பாடு. தென் மாநிலங்களின் பழைய குடியானவர் வீடுகளிலோ மத்தியானச் சாப்பாடு, இரவில் உண்பது ‘சப்பர்’. விருந்தாளி ஏழு மணி நேரம் பிந்தி வந்தும், நேரத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வழியுண்டு. அதே தெற்கில் பலருக்கு எந்தக் குளிர்பானமும் ‘கோக்’. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையில் அது ‘கலர்’. உள்ளே இருப்பது என்னவென்று புட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது, பெயர் எதற்கு?

சின்னசேலம் வட்டத்தில் இருக்கும் நைனார்பாளையம் 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு மாறியது. நாக்கு மட்டும் பழைய தென்னார்க்காட்டிலேயே தங்கிவிட்டது. சென்னையில் வேர்க்கடலை, கோவையில் கடலக்காய், இந்தப் பக்கம் மல்லாட்டை. பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் மணிலாக்கொட்டையாகி, மென்று மென்று மல்லாட்டையாகத் தேய்ந்தது. மரவள்ளியும் அப்படித்தான்: சேலத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு, கன்னியாகுமரியில் மரச்சீனி. ஒரே கிழங்கை மூன்று பெயரில் வாங்கி ஏமாந்தவர்களும் இருக்கக்கூடும். தென்னார்க்காட்டு வட்டாரச் சொற்களைத் தொகுத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ வெளியிட்டார். பெண் கொடுத்து எடுக்கும் வெளியூர்ச் சம்பந்திகளுக்கு ஒரு பிரதி கைவசம் இருப்பது நல்லது.

ஏனென்றால் பந்தியில் கறி என்ற ஒரு சொல் போதும், சண்டை மூட்ட. இங்கே கறி என்றால் ஆடோ கோழியோ. பிராமணர் வீட்டில் அது வாழைக்காய். யாழ்ப்பாணத்தில் இரண்டு தரப்புக்கும் பாதகமில்லை: கத்தரிக்காயும் கறி, ஆட்டிறைச்சியும் கறி. மதுரைக்குத் தெற்கே போனால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது வெஞ்சனம். அதை அறியாத வடக்கத்தி மாப்பிள்ளை ‘வெஞ்சனம் வேணுமா?’ என்ற மாமியாருக்கு, எதற்கும் இருக்கட்டுமென்று ‘வேண்டாம்’ சொல்லி, வெறுஞ்சோற்றோடு உட்கார்ந்திருப்பார்.

அருகிலுள்ள கல்வராயன் மலையேறினால் குழப்பம் சோற்றை விட்டு ஆட்களுக்குத் தாவுகிறது. அங்குள்ள பழங்குடியினர் மலையாளிகள். மலையில் வாழ்வதால் வந்த பெயர். பேசுவது தமிழ். புட்டும் கடலையும் கிடைக்குமென்று போகிறவர் இலையில் விழுவது சாமைச்சோறு.