சுவரை வைத்துச் சித்திரம்: கேள்வி – பதில்

தெருவோவியம் பற்றி இம்முறை இவ்வளவு கடிதங்கள் வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருவோவியர் பாங்க்ஸி கண்டிக்கு வந்தால் முதலில் எந்தச் சுவரைக் கொடுப்பீர்கள்?
– பல்கலைக்கழக மாணவி, பேராதனை

கொடுப்பது பிறகு. முதலில் தெகல்தொருவைக்குக் கூட்டிப்போவேன். அமுனுகமப் பக்கம், நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் குகை விகாரை அது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கி, தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் 1786இல் முடிந்த வேலை. செக்கச்செவேலென்ற பின்னணியில், புத்தரின் முற்பிறவிக் கதைகளான வெசந்தர ஜாதகமும் சுதசோம ஜாதகமும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவார். கதை நகர்ந்துகொண்டே போகும். எழுத்துத் தெரியாத கமக்காரரும் நின்று படித்துவிட்டுப் போகலாம். கூரையில் புத்தரைச் சோதித்த மாரனின் படை.

வரைந்தவர்களில் முதன்மையானவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே, உயர் துறவு நிலையான உபசம்பதை பெறாத துறவி. சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள், விளக்குக்கரிக் கறுப்பு, வெண்களி, பிணைக்க மரப்பிசின். இவ்வளவுதான் அன்றைய பெயின்ட் கடை. இந்தக் கண்டிக் கலைஞர்களைப் பற்றி 1908இலேயே பெரிய நூல் எழுதி உலகத்துக்குக் காட்டியவர் நம் ஆனந்த குமாரசுவாமி. பொதுமக்கள் பார்க்கும் சுவரில் படம் போடுவது மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால், அவரையும் தெகல்தொருவைக்கு அனுப்பிவையுங்கள்.

சுவரில் கிறுக்குவதெல்லாம் கலையா, சேர்?
– மாணவன், கட்டுகஸ்தோட்டை

எல்லாமே அல்ல, தம்பி. ஆனால் 1980களின் தொடக்கத்தில் நியூயோர்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் ஒட்டாத கறுப்புத் தாள்களில் சோக்கட்டியால் வரைந்த கீத் ஹாரிங்கைப் பொலிஸ் பிடித்தது. இன்று அவர் கோடுகள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கிறுக்கல் என்று தள்ளுமுன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

2019 கடைசியில் கண்டியிலும் மதில் மதிலாக வரைந்தார்கள். இரண்டு மழைக்காலத்துக்குள் பலது உரிந்துபோய்விட்டதே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கம்பளை

அந்த நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு தெருவில் இறங்கினார்கள். கூலி கேட்கவில்லை. ரியூஷன் போஸ்டரும் தேர்தல் போஸ்டரும் கிழிந்து தொங்கிய மதில்களைச் சுரண்டிக் கழுவி வரைந்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

உரிந்ததற்குக் காரணம் சுவரின் முதுகில் இருக்கிறது. கண்டி மலையை வெட்டி எழுப்பிய ஊர். வீதியோரச் சுவர்களில் பெரும்பாலானவை மண்ணைத் தாங்கி நிற்கும் அணைசுவர்கள். பின்னாலிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். முன்னால் இமல்ஷன் பூசினால் அது தோல்போலப் படரும்; உள்ளே இருக்கும் நீருக்கு வெளியேற வழி இல்லை; கொப்புளம் கட்டும், உரியும். அணைசுவரில் வரைய ஆசைப்பட்டால் முதலில் நீர் வடியும் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா பாருங்கள். பாசியைச் சுரண்டி, வெயில் காலத்தில் நன்றாகக் காயவிட்டு, வெளிச்சுவருக்குரிய பிரைமர் அடித்த பிறகுதான் நிறத்தைத் தொட வேண்டும். அதைவிட நல்லது, இருபக்கமும் காற்றுப் படும் சுவராகத் தேடுவது.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும், ஐயா. நான் பார்த்த சுவர்களில் மன்னர்கள் நின்றார்கள், படைவீரர்கள் நின்றார்கள், சிறுத்தையும் யானையும் நின்றன. மலையகத் தமிழர் வந்த இடத்தில் முதுகில் கூடை சுமந்த ஒரு பெண் மட்டும் வந்தாள். அதுவும் தேயிலைப் பெட்டியில் அச்சடித்த அதே சிரிப்போடு. இந்த மலைகளின் பாதைகளை வெட்டியவர்களுக்கும் இந்த நகரத்தில் கடை வைத்தவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர்களுக்கும் முகம் இருக்கிறது. பேர் சொல்லக்கூடிய ஒரு முகம் சுவரில் வரவேண்டும்.

பாங்க்ஸி கண்காட்சி என்று ஊர் ஊராக டிக்கட் விற்கிறார்களாமே. கொழும்புக்கு வந்தால் போகலாமா?
– வாசகி, மாத்தளை

போகுமுன் ஒன்று கேளுங்கள்: ஓவியர் சம்மதித்தாரா? அவர் பெயரில் உலகம் சுற்றும் பல கண்காட்சிகளுக்குத் தன் அனுமதி இல்லை என்று பாங்க்ஸியே தன் தளத்தில் அறிவித்திருக்கிறார். தெருவில் இலவசமாக இருந்ததைப் பெயர்த்தெடுத்தோ, படியெடுத்தோ, உள்ளே வைத்துக் காசு வாங்குகிறார்கள்.

இதற்கு இத்தாலியில் ஓர் ஓவியர் கொடுத்த பதில் பெரிது. பொலோஞா நகரத்தில் 2016இல் இப்படியொரு கண்காட்சிக்காகச் சுவர்களிலிருந்து ஓவியங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். புளூ என்ற பெயரில் வரைபவர், இருபது வருடமாக அந்த ஊரில் தான் வரைந்தவற்றைச் சாம்பல் நிறம் பூசித் தானே மறைத்துவிட்டார். ஊர்க்காரரும் உதவிக்கு வந்தார்கள். தெருவில் நடப்பவருக்கு வரைந்ததை டிக்கட் வாங்கியவருக்கு மட்டும் காட்டக்கூடாது என்ற பிடிவாதம் அது. நான் அவர் பக்கம்.

அருங்காட்சியகமே கூடாது என்று சொல்லவில்லை. லண்டன் டேட் மொடர்ன் 2008இல் ஆறு ஓவியர், ஓவியக் குழுக்களை அழைத்து, கட்டடத்தின் வெளிச்சுவரையே கொடுத்தது. தேம்ஸ் நதிக்கரையில் நடந்தவர் எல்லோரும் பார்த்தார்கள். அந்த அழைப்பை இதே புளூ ஏற்றுக்கொண்டார்.

ஏலத்தில் சுத்தியல் விழுந்ததும் பாங்க்ஸியின் படம் தானே கிழிந்ததாமே, விலை என்ன ஆனது?
– நகைக்கடை ஊழியர், கண்டி

2018இல் லண்டன் ஏலத்தில் பத்து லட்சம் பவுணுக்குச் சற்று மேல். பாதி கிழிந்த அதே படம் 2021இல் ஒரு கோடியே 85 லட்சம் பவுணைத் தாண்டியது. கிழித்த கையை ஓவியருடைய கையாகச் சந்தை ஏற்றுக்கொண்டது. அதனால் கிழிசலும் படத்தோடு சேர்ந்துவிட்டது.

இந்தத் துறையில் தமிழர் யாராவது உண்டா?
– வாசகர், நாவலப்பிட்டி

உண்டு, பெருமையாகவே சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்துப் போரால் லண்டனுக்குத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், ‘எம்.ஐ.ஏ.’ என்ற பாடகியாக உலகம் அறியுமுன், ஸ்டென்சில் வெட்டி ஸ்ப்ரே அடித்த ஓவியங்களால் 2001இல் லண்டனில் கண்காட்சி வைத்தவர். ஈழத்து அரசியலும் லண்டன் தெருநிறமும் ஒரே பலகையில் சேர்ந்தன.

சென்னையில் ஏ-கில் என்ற பெயரில் வரைபவரின் மனித முகங்கள் ரயில் நிலையச் சுவர்களை நிறைத்து நிற்கின்றன. தமிழ்நாட்டில் பிறந்த ஓஷீன் சிவாவின் கைவண்ணமும் வெளிநாட்டு ஓவியர்களின் கைவண்ணமும் கண்ணகி நகரில் இருக்கின்றன. அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களையும் சுனாமியில் வீடிழந்தவர்களையும் கொண்டுபோய்க் குடியேற்றிய அடுக்குமாடிகள். முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதுகூடக் கஷ்டம் என்று அங்குள்ளவர்கள் சொல்லிவந்தார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு அந்தச் சுவர்களில் வரையவைத்தது. பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுவர் நிறம் மாறியதால் குடிநீர்க் குழாய் சரியாகிவிடாது. அது அரசாங்கத்தின் கடமை. ஆனாலும் ஓர் ஊரின் பேரைச் சொல்லும்போது மற்றவர் முகம் சுளிக்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

நான் வரைந்த சுவருக்கு உரிமையாளர் வெள்ளை அடித்துவிட்டார். எனக்கு நியாயம் கிடைக்குமா?
– இளம் ஓவியர், குண்டசாலை

நியூயோர்க்கில் கிடைத்தது. ஃபைவ் பொயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் தெருவோவியர்களின் புகலிடமாக இருந்தது. 2013இல் உரிமையாளர் அறிவித்தல் கொடுக்காமல் வெள்ளை அடித்தார். 2018இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டொலர் கொடுக்கச் சொன்னது. அங்கே அதற்கென்றே சட்டம் இருக்கிறது. இங்கே 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் தார்மீக உரிமையை ஏற்கிறது. என்றாலும் வழக்குக்குப் போகுமுன் வழி இருக்கிறது, தம்பி. தூரிகை எடுக்குமுன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எத்தனை வருடம் இருக்கும், அழிப்பதானால் எவ்வளவு நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், கூலி எவ்வளவு.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் வரைய அதிபர் அனுமதி தந்திருக்கிறார். என்ன வரையலாம்?
– மாணவிகள், தெல்தெனிய

வாழ்த்துக்கள், பிள்ளைகளே. கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே படித்த டேவிட் பெயின்டர் 1928இலிருந்து வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. பைபிள் கதைதான், ஆனால் மனிதரும் மரமும் வெளிச்சமும் இந்த நாட்டுக்குரியவை. சிலுவையில் இருக்கும் இயேசுவுக்குத் தாடிகூட இல்லை. எந்தக் கதை என்றாலும் உங்கள் ஊர்க்காரரின் முகத்தை வரையுங்கள்.

கொழும்பில் கலாபொல ஓவியச் சந்தை நடக்கிறது. கண்டிக்கு என்ன?
– வாசகர், வத்தேகம

1993 முதல் கொழும்பில், ஆனந்த குமாரசுவாமி பெயர் தாங்கிய வீதியோரத்திலேயே படங்களைச் சாய்த்துவைத்து விற்கிறார்கள். அந்தத் திருவிழாவை நடத்துவது ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை. அந்த ஓவியர் கீற் 1901இல் பிறந்தது கண்டியில்! பிறந்த ஊரில் அப்படியொரு திருவிழா வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இடமும் உண்டு. 1876இல் எழுந்த போகம்பரைச் சிறையிலிருந்து 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். அதன் உயர்ந்த மதில்கள் நகரத்தின் நடுவில் நிற்கின்றன. தலதா மாளிகையும் வாவியும் 1988 முதல் உலக மரபுரிமைப் பகுதி. அங்கே யாரும் ஸ்ப்ரே டின்னோடு போகக்கூடாது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் போகம்பரையில், மரபு கெடாமல் கழற்றி மாட்டக்கூடிய பலகைகளில், சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் வெளிநாட்டு ஓவியர்களோடு சேர்ந்து வரையலாம். மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் இதை யோசிக்க வேண்டும்.

நான் ஓவியர் இல்லை. என் பங்கு என்ன?
– குடும்பத் தலைவி, அம்பிட்டிய

உங்கள் மதிலில் பத்தடியை ஒரு வருடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள், அக்கா. பெயின்ட் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். என்ன வரைவது என்பதை அந்தப் பிள்ளையிடம் விடுங்கள்.