இருபத்தாறரை மணி நேர நாள்

தேயிலைத் தோட்டத்திலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் பயண நாள் 26½ மணி நேரம் கொண்டது. இது பெருமூச்சுக் கணக்கல்ல, கடிகாரக் கணக்கு. குவைத் நேரம் இலங்கை நேரத்துக்கு 2½ மணி பிந்தியது. ஹட்டன் பக்கத்து லயமொன்றில் நள்ளிரவு பன்னிரண்டுக்கு எழும்பியவர், குவைத்தில் அந்த நாள் முடியப் பன்னிரண்டு அடிக்கும்வரை அந்த மிச்சத்தையும் சேர்த்துத்தான் கழிக்கவேண்டும். டுபாய் போகிறவருக்குக் கூடுதல் 1½ மணிதான். இந்த மேலதிக நேரத்துக்கு எந்த நாட்டிலும் சம்பளம் இல்லை. பெரும்பகுதி வரிசையில் நிற்கவே போய்விடும்.

முதற்கட்டம் காம்பரா வாசலிலிருந்து வேன் நிற்கும் இடம்வரை. தோட்டத்துப் பாதைகள் ஸ்டோருக்காக, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்காகப் போடப்பட்டவை. தேயிலை லொறியில் போகும், ஆட்கள் படிக்கட்டில் இறங்குவார்கள். சூட்கேசில் சில்லுகள் இருந்தாலும் விமான நிலையத் தரையைக் காணும்வரை அவை உருளுவதில்லை. பெட்டி தலையில்தான் வரும். கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த தலைக்கு 30 கிலோ ஒரு பாரமா?

இடையில் சாமி கும்பிட வேண்டும். தோட்டத்தில் வேலைக்கொரு சாமி உண்டு: கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமி, ஸ்டோர் இயந்திரங்களுக்கு ரோதைமுனி. விமானம் யாருடைய பொறுப்பில் வருகிறதென்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அதிலும் ஏதோ சுழல்வதால் ரோதைமுனிக்கே ஒரு தேங்காய் உடைத்துவிடுவது பாதுகாப்பு.

வேனில் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். டிக்கெட் உள்ளவர் ஒருவர். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். வளைவுகளை எண்ணியவர் யாருமில்லை. எண்ணத் தொடங்கியவர்கள் கினிகத்தேனைக்குள் சிலிசிலி பேக்கைத் தேடியிருப்பார்கள். ஹட்டன் குளிருக்குப் போட்ட சுவெட்டர் அவிசாவளையில் கழன்று மடிக்கு வரும். பெட்டியில் வைத்தால் எடை கூடும் என்பதால் விமான நிலையத்தில் மறுபடி உடம்பில் ஏறும். அந்தப் புழுக்கத்தில் கம்பளியோடு வியர்த்து நிற்பவர் மலைநாட்டார் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். இந்த 130 கிலோமீற்றருக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அதற்கப்பால் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேலுள்ள குவைத்துக்கு, நேர் விமானமானால், அதைவிடச் சற்றுத்தான் கூடும்.

விமான நிலைய வாசலில் அழுகை. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் மலையகத்திலிருந்து தலைமன்னார் நோக்கி ஏறிய ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. இந்த வாசலில் ஒப்பாரி அவ்வளவு நீளாது. வாகனம் நிறுத்துமிடத்தில் மணிக்கணக்கில் காசு. மற்றப் பதினொரு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்ததே வந்தோம் என்று நீர்கொழும்புக் கடலைப் பார்த்து, கருவாடும் வாங்கிக்கொண்டு மலையேறுவார்கள்.

உள்ளே முதலில் தராசு. தோட்டத்துத் தராசில் கூடைக்கும் ஈரத்துக்குமென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். விமான நிலையத் தராசில் பெட்டிக்கென்று ஒரு கிராமும் கழிப்பதில்லை. இரண்டு முறையிலும் நட்டம் ஒரே ஆளுக்கு. மாசியும் இடிசம்பலும் தேயிலைத் தூளும் தரையில் கடைபரப்பி, எதை விடுவது என்ற விசாரணை நடக்கும். தூள் மட்டும் தப்பிவிடும்.

அடுத்தது பெயர். தகப்பன் பெயர் முன்னால் நிற்பதால் கவுண்டர்தோறும் ‘முனியாண்டி, முனியாண்டி’ என்று கூப்பிடுவார்கள். பெண் திரும்பிப் பார்க்கமாட்டார். முனியாண்டி வெளியே வேனடியில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருப்பவர். பாஸ்போர்ட், விசாத்தாள், 1985இல் தொடங்கிய வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நெஞ்சோடு அணைந்திருக்கும். பூட்டன் காலத்தில், 1901இலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் தோட்டத்து அடையாளம் பொறித்த தகரத் துண்டு இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் தொடங்கியபின் கடலில் 35 கிலோமீற்றர்தான். பூட்டன் நோய்த்தடுப்புக்கென்று மண்டபம் முகாமில் நாட்கணக்கில் கிடந்தார். கொள்ளுப்பேத்திக்கு அது மருத்துவப் பரிசோதனையாகச் சுருங்கியிருக்கிறது. தகரமும் பிளாஸ்டிக்காகிவிட்டது.

விமானத்துக்குள் ஒரு விசித்திரம். பறப்பது 35,000 அடியிலானாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2,000 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமம். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர், பிதுருதலாகலை உச்சி 2,524. கொழும்புக்காரர் காதைப் பொத்தித் தவிக்கையில், தோட்டத்துப் பெண் கிட்டத்தட்ட ஊர்க்காற்றில் உட்கார்ந்திருக்கிறார். சுவெட்டரும் அங்கேதான் நியாயமாக உதவும். தேத்தண்ணி வரும். நல்ல இலை கப்பலேற, தோட்டத்து அடுப்புக்குப் பெரும்பாலும் கடைசித் தூளே மிஞ்சுவதால், கொழுந்தெடுத்தவர் நல்ல தேயிலையைக் குடிக்க இப்படி ஆகாயத்துக்கு ஏறவேண்டியிருக்கிறது. ஏறியும் பயனில்லை: அந்த அழுத்தத்தில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடும், சாயம் சரியாக இறங்காது. பக்கத்து இருக்கைக்காரர் ரசித்துக் குடிப்பதை அவர் இரக்கத்தோடு பார்ப்பார்.

குவைத்தில் இறங்கியதும் மறுபடி வரிசை; கூட்டிப்போகும் வீட்டார் வரும்வரை காத்திருப்பு. கோடையானால் வெளியே 45 பாகைக்கு மேல். சுவெட்டர் கழன்று பெட்டிக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். கைக்கடிகாரத்தை மட்டும் பலர் மாற்றுவதில்லை. அது ஆறு காட்டினால் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஆள் கூடும் நேரமாகிறது. குவைத்தில் அதிகாலை மூன்றரை.

திரும்பி வரும் நாளுக்கு 21½ மணி நேரந்தான். போகும்போது கொடுத்ததைக் கடிகாரம் வட்டியில்லாமல் பிடுங்கிக்கொள்ளும். புலிப்படம் போட்ட போர்வை, பால்மாப் பேணிகள், கோடாலித் தைலம், ஒரு டீவிப் பெட்டி. டீவிக்கு வேனில் இரண்டு ஆள் இடம் வேண்டும். அழைத்துப்போக வந்திருப்பவர்களோ இந்த முறை பதினாலு பேர்.