அம்மன் காசின் மகிமை

கேள்வி: ஐயா, பளபளக்கும் பத்து ரூபாய் நாணயத்தை ஏறெடுத்தும் பாராத நாணயப் பிரியர்கள், தேய்ந்துபோன அம்மன் காசுக்கு இப்படி ஏங்குவானேன்?
– ஆலங்குடி வாசகர்

பதில்: ஒருபுறம் பிரகதாம்பாள் அம்மனின் திருவுருவமும், மறுபுறம் தெலுங்கு லிபியில் 'விஜய' என்னும் சொல்லும் தாங்கிய அந்தச் சின்னஞ்சிறு செப்புக் காசு, 320 சேர்ந்தால்தான் ஒரு ரூபாய் என்ற அற்ப மதிப்புடையதேயாயினும், நவராத்திரி காலத்தில் அரிசியோடு சேர்த்துப் புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிரஜைகளின் கையில் பிரசாதம்போல் விழுந்ததாகையால், அதைச் செலவழித்தவர்களைவிடப் பூஜையறையில் வைத்துக் காத்தவர்களே பாக்கியசாலிகள். பிற்காலத்தில் பர்மிங்காம் யந்திரம் அடித்தனுப்பிய காசுகள் லட்சணமானவைதாம்; ஆனால் கையால் அடித்தவற்றில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது, அம்மன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரிசனம் தருகிறாள். கோடிக்கணக்கில் ஒரே அச்சாய் வரும் இன்றைய நாணயத்திடம் அந்தத் தரிசனத்தை எப்படிக் கேட்பது?

தேய்வைப்போலவே வடுவும் கதை சொல்லும். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கருக்காகுறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளையும் நினைத்துப் பாருங்கள்: அவற்றில் பலவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேலேயே உளிவெட்டு இருக்கிறது! கடல் கடந்து வந்த பொன்னை வெட்டிய அந்தக் கை யாருடையதோ என்று எண்ணும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.