பழி ஓரிடம், அலை ஓரிடம்

ரோமப் பேரரசன் கலிகுலாவின் கப்பல் கடலில் திடீரென்று நின்றுவிட்டது. நானூறு பேர் துடுப்பு வலிக்கிறார்கள், கூட வந்த கப்பல்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, ராஜாவின் கப்பல் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. ஆட்கள் தண்ணீரில் குதித்துத் தேடினார்கள். சுக்கானில் ஒரு சின்ன மீன் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து வந்து காட்டினார்கள். நானூறு பேரை மீறி என்னை நிறுத்தியது இந்தப் பொடிப்பயலா என்று கலிகுலாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்ததாம்.

இதை எழுதி வைத்தவர் மூத்த பிளினி. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, எல்லாரும் ஓடிவர, கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பி உயிரை விட்டவர். ஆகவே அவருடைய ஆர்வத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆதாரத்தில்தான் கொஞ்சம் சொல்லலாம். கி.மு. 31-ல் ஆக்டியம் போரில் ஆண்டனியின் கப்பலைப் பிடித்து நிறுத்தியதும் அதே சாதி மீன்தான் என்கிறார். தோற்றுப்போன தளபதிக்கு இதைவிட வசதியான சாக்கு கிடைக்காது. நீதிமன்றத்தில் வழக்கை இழுத்தடிக்கவும் இந்த மீன் மாந்திரீகமாகப் பயன்படும் என்று இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறார். நம் ஊர் வக்கீல்கள் மீனே இல்லாமல் சாதித்துவிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

மீன் மேல் போட்ட பழி நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. நார்வே மாலுமிகளுக்கு மீனில் நம்பிக்கை குறைந்தபோதும், கப்பல் மட்டும் அவர்களுடைய ஃபியோர்டுகளில் அவ்வப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. செத்த தண்ணீர் என்றார்கள். பரிகாரங்களும் வைத்திருந்தார்கள். மொத்த ஆட்களும் தளத்தில் முன்னும் பின்னும் ஓடுவது. கப்பலுக்கு முன்னால் கடலில் எண்ணெய் ஊற்றுவது. துடுப்பால் தண்ணீரை அடிப்பது. அதற்கும் மசியாவிட்டால் தண்ணீரைத் துப்பாக்கியால் சுடுவது. சில சமயம் கப்பல் நகரவும் செய்யும். அந்தப் பெருமை, கடைசியாக என்ன செய்தார்களோ அதற்குப் போய்ச் சேர்ந்தது.

1893 ஆகஸ்டில் இந்தத் தண்ணீர் ஒரு தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டது. ஃபிரிட்யோஃப் நான்சென். வடதுருவம் பக்கம் போய்ப் பனிக்குள் வேண்டுமென்றே கப்பலை மாட்டவிட்டு, பனி இழுத்துப் போகிற வழியில் போகலாம் என்று புறப்பட்ட ஆசாமி. பனியில் மாட்டுவதற்கு முன்னாலேயே, சைபீரியாவின் வடகரையோரம் வெறும் தண்ணீரில் மாட்டிக்கொண்டார். அவருடைய ஃபிராம் கப்பலின் வேகம் ஐந்தில் ஒரு பங்காய் விழுந்தது. வளைந்து பார்த்தார், வட்டமடித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. படகில் துடுப்புப் போட்டால் அரை மணியில் போய்விடக்கூடிய தூரத்துக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

ஆனால் மனுஷர் தண்ணீரைச் சுடவில்லை, சுவைத்துப் பார்த்தார். மேலே முகந்த தண்ணீர் குடிக்கலாம் போல இருந்தது. கப்பலின் அடிப்பக்கக் குழாய் வழியாக எஞ்சின் அறைக்குள் வந்ததோ, பாய்லருக்குக்கூட ஆகாத உப்பு. ஆக, கடல் இரண்டு அடுக்காக இருக்கிறது: மேலே உருகிய பனியும் ஆற்று வெள்ளமும், கீழே அசல் கடல். இந்தக் குறிப்பை எழுதி வைத்துக்கொண்டு, ஊர் திரும்பியபின் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற பேராசிரியரிடம் கேட்டார். பேராசிரியர்கள் எக்காலத்திலும் செய்வதை அவரும் செய்தார், மாணவனிடம் தள்ளிவிட்டார். மாணவனின் பெயர் வாக்ன் வால்ஃபிரிட் எக்மன்.

எக்மன் தொட்டியில் உப்பு நீர் ஊற்றி, அதன் மேல் நல்ல தண்ணீர் நிரப்பி, பொம்மைக் கப்பலை இழுத்துப் பார்த்தார். மேல்பரப்பு பூனை மாதிரி சாதுவாக இருந்தது. கீழே, இரண்டு தண்ணீரும் சந்திக்கிற இடத்தில், பெரிய பெரிய அலைகள். கப்பலின் எஞ்சின் செலவழித்த சக்தி கப்பலை நகர்த்தாமல் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அலையைக் கிளப்பவே போய்க்கொண்டிருந்தது. 1904-ல் முடிவை வெளியிட்டார். அந்த அலையின் வேகத்தைத் தாண்டி ஓடினால் கப்பலுக்கு விடுதலை. மீனுக்கும் அன்றைக்குத்தான் விடுதலை.

இந்த உள் அலையை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1762-லேயே பார்த்திருந்தார் என்பது ஒரு கிளைக்கதை. கப்பல் அறையில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிய கண்ணாடி விளக்கு தொங்கியது. கப்பல் ஆட ஆட எண்ணெயின் மேல்பரப்பு சிவனே என்று கிடக்க, அடியில் தண்ணீர் பேயாட்டம் ஆடியது. பலரிடம் காட்டினார். அரைகுறையாகப் படித்தவர்கள் உடனே விளக்கம் சொல்லிவிட்டார்கள் என்றும், அந்த விளக்கங்கள் எதுவும் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்றும் நண்பருக்கு எழுதினார்.

நீரும் நீரும் சந்திக்கும் இடத்தில் எடை வித்தியாசம் சொற்பம். அதனால் அலையைக் கீழே இழுக்கிற விசையும் சொற்பம். அலை சோம்பேறியாக, ஆனால் பிரம்மாண்டமாக எழும்புகிறது. தென்சீனக் கடலில் 200 மீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள். அந்தமான் கடலின் உள் அலைகளைத் துல்லியமாக அளக்கப் பணம் போட்டது எண்ணெய்க் கம்பெனி. துளைபோடும் கப்பல் ஆடினால்தான் அறிவியலில் அக்கறை பிறக்கும் போலிருக்கிறது. நிக்கோபார் பக்கம் ஓதம் கிளப்பும் அலைகள் வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து, சுமார் ஒரு வாரம் கழித்துத் திருகோணமலைத் துறைமுகத்துத் தண்ணீரை ஊஞ்சலாட்டுகின்றன.

சரி, இந்த அலைகளால் யாருக்கு என்ன லாபம்? கேட்டவர் வால்டர் மங்க். வியன்னாவில் பிறந்து, வங்கித் தொழில் பழக நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டு, அது பிடிக்காமல் கலிபோர்னியாவுக்கு ஓடியவர். துருவங்களில் குளிர்ந்து கனத்த நீர் ஓயாமல் அடிக்குப் போகிறதே, அப்படியானால் இந்நேரம் கடல் முழுக்கக் குளிர்நீர் நிரம்பி, மேலே மெல்லிய வெந்நீர்ப் படலம்தானே மிஞ்ச வேண்டும்? யாரோ கலக்குகிறார்கள். எவ்வளவு கலக்க வேண்டும் என்று 1966-ல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். 1992-ல் ஜிம் லெட்வெல் குழு நூறு கிலோவுக்கும் மேல் ஒரு வாயுவை அட்லாண்டிக்கில் கரைத்துவிட்டு, அது எவ்வளவு பரவுகிறது என்று மாதக்கணக்கில் துரத்திப் பார்த்தது. மங்க் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான் கலந்திருந்தது. மீதி எங்கே?

மலையடிவாரத்தில் இருந்தது. பிரேசிலுக்குக் கிழக்கே கடலடி மலைத்தொடர் மேல் அளந்தபோது கலப்பு கனஜோராக நடப்பது 1997-ல் தெரிந்தது. நிலா ஓதமாக இழுக்க, நீர் மலைமேல் ஏறி இறங்க, உள் அலை பிறந்து, உடைந்து, கலக்குகிறது. நம் புராணக்காரர்கள் மந்தரமலையை மத்தாகப் போட்டுக் கடலைக் கடைந்தார்கள் என்று சொன்னபோது சிரித்தவர்கள் கொஞ்சம் இறங்கி வரலாம். ஒரு திருத்தம்தான் வேண்டும். புராணத்தில் நிலா கடையும்போது வெளியே வந்தது. மங்க் கணக்கில் கயிற்றைப் பிடித்து இழுப்பதே நிலாதான். 1998-ல் அவரும் கார்ல் வுன்ஷும் மொத்தக் கூலியையும் மதிப்பிட்டார்கள்: சுமார் 2 லட்சம் கோடி வாட். பாதியை ஓதம் தருகிறது, பாதியைக் காற்று.

கணக்கு முடிந்தது என்று காலை நீட்டும் நேரத்தில் பனியாறுகள் குறுக்கே வந்தன. பனிப்பிரதேசக் கடலில் எல்லாம் தலைகீழ். உப்பு கனம் என்பதால் வெதுவெதுப்பான நீர் அடியிலும் குளிர்ந்த நீர் மேலேயும் இருக்கும். கலக்கினால் சூடு மேலே வரும். அலாஸ்காவின் லெகான்ட் பனியாற்றின் நீருக்கடி முகத்தை சோனாரால் வருடிப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். சில இடங்களில் பனி உருகும் வேகம், சூத்திரம் சொன்னதைவிட நூறு மடங்கு வரை அதிகம். அடுத்து, பனிச்சுவருக்கு மிக அருகே ஆளில்லாத கயாக் படகுகளை அனுப்பினார்கள். வீடு அளவு பனிக்கட்டி தலையில் விழக்கூடிய இடத்துக்கு ஆராய்ச்சி மாணவர்களை அனுப்பாதது அறிவியல் வரலாற்றில் பெரிய முன்னேற்றம்.

அண்டார்டிகத் தீபகற்பத்தில் நடந்தது இதைவிட வேடிக்கை. 2020 ஜனவரி 21 அன்று ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கப்பல் வில்லியம் பனியாற்றுக்குப் பக்கத்தில் கருவிகளை இறக்கி அளந்துகொண்டிருந்தது. பனியாற்றின் முகப்பு கண்ணெதிரே பொடிப்பொடியாக உடைந்து விழுந்தது. பத்துக் கால்பந்து மைதானம் அளவு. மேலே அலை அடங்கியதும் மறுபடி கருவியை இறக்கினார்கள். உடைவதற்கு முன் 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில் இருந்த குளிர்ந்த அடுக்கும், அதற்குக் கீழே இருந்த வெதுவெதுப்பான அடுக்கும் ஒன்றோடொன்று கலந்து, ஆழம் மாறினாலும் வெப்பம் அவ்வளவாக மாறவில்லை. நீருக்குள்ளேயே ஒரு சுனாமி ஓடி உடைந்திருந்தது. மைக்கேல் மெரிடித் குழு 2022-ல் கணக்குப் பார்த்தது. அந்தக் கரையோரக் கலப்பில் இந்த உள் சுனாமிகளின் பங்கு காற்றுக்குச் சமமாவது இருக்கும். ஓதம் இதன் பக்கத்திலேயே வராது. பனியாற்றை உடைப்பது கடல் என்றுதான் அதுவரை விஞ்ஞானிகள் ஒருவழிப் பாதையாகப் பேசிவந்தார்கள். விழுகிற பனி கடலைக் கலக்கி அடிச்சூட்டை மேலே இழுத்துவிடும் என்கிற எதிர்வழிக் கணக்கு அவர்களுடைய பட்டியலிலேயே இல்லை. கடல் இன்னும் சூடானால் பனி எத்தனை தடவை உடையும் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கும் மாறும்.