பார்ட்ஸ் கிடைக்குதுங்களா?

கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் ஒருத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "ரொம்ப சந்தோஷமுங்க" என்றார். என் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. லாட்டரியும் விழவில்லை, கேரளத்தில் குடியிருக்கிறவன் இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். எதற்கு வாழ்த்து என்று விழித்தேன்.

"உங்க ஃபோர்டு திரும்பி வருதாமுங்களே!"

வருவது எஞ்சின்தானுங்க, வண்டி இல்லை என்றேன். 2025 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் போட்டு 2029-லிருந்து எஞ்சின் செய்வார்களாம், வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின் என்று சொல்கிறார்கள், அதற்கு முந்தின வருஷம் கடிதம் கொடுத்தபோதே ஏற்றுமதிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள் என்றெல்லாம் விளக்கினேன். பாதியிலேயே அவர் கண்கள் வேறு பக்கம் போய்விட்டன. "எப்படியோ, இனி உங்க வண்டிக்கு பார்ட்ஸ் கிடைக்குமல்லங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

என் வண்டி பழைய ஃபிகோ, டீசல். அதற்கு இதுவரை ஒரு குறையும் கிடையாது. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன சொந்தக்காரர் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னால் நம்புவோமா? அப்படித்தான் என்னைப் பார்க்கிறார்கள்.

ஃபோர்டு இந்தியாவை விட்டு ஏன் போனது என்பதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. பத்திரிகைகளில் வந்ததெல்லாம் இல்லை, வேறு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

2021 செப்டம்பர் 9 அன்று, சாணந்த், மறைமலை நகர் இரண்டு ஆலைகளையும் படிப்படியாக மூடப்போகிறோம், இனி இந்தியாவில் கார் செய்வதில்லை என்று கம்பெனி அறிவித்தது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவர் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, துண்டை மடியில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"எப்பங்க?"

"இன்னிக்குத்தானுங்க."

"ஏனுங், நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு?"

"இப்பவும் நல்லாத்தானுங்க ஓடுது. அதா, வாசல்ல நிக்குது பாருங்க."

"அது செரி" என்று பெருமூச்சு விட்டார். வாசலில் நின்ற வண்டியை ஒரு தரம் பார்த்தார். தாயில்லாப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "வயசு என்னாச்சு?"

"2013 மாடலுங்க."

"அடடா. சின்ன வயசுதான்."

என் வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்தாள். "காப்பியெல்லாம் எதுக்கு கண்ணு, இந்த நேரத்துல" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். போகும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லவில்லை. எழவு வீட்டில் சொல்லக்கூடாதல்லவா.

அடுத்த நாளிலிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்கள் என்னிடம் பேசவில்லை; நேராக அடுக்களைக்குப் போனார்கள். "மனச தேத்திக்க, வேற ஒண்ணு பார்த்துக்கலாம்" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. வர முடியாதவர்கள் போன் செய்தார்கள். துபாயிலிருந்து மருமகன் முறையில் ஒருவன், அங்கே நள்ளிரவு, "இப்பத்தான் மாமா கேள்விப்பட்டேன்" என்றான். அனுபவப்பட்டவர் ஒருவரும் வந்தார். அவர் வீட்டில் ஷெவர்லே தவேரா. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-லேயே இந்தியாவில் வண்டி விற்பதை நிறுத்திவிட்டது. அதனால் அவருக்கு என்மேல் ஒரு தனிப் பாசம். "முதல் ஆறு மாசம் சிரமமாத்தான் இருக்கும். அப்புறம் பழகிப்போயிருமுங்க" என்று என் முழங்காலைத் தட்டினார். அவர் தவேராவும் அன்று வாசலில் என் ஃபிகோ பக்கத்திலேயே நின்றது, இரண்டும் ஜம்மென்று.

"அப்பவே சொன்னேன்" ரகத்தார் இல்லாத துக்கம் உண்டா? "மாருதி எடுங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" அவர் சொல்லவே இல்லை. நான் வண்டி எடுத்தபோது அவர் என்னோடு பேச்சுவார்த்தையிலேயே இல்லை, வரப்புத் தகராறு. அப்புறம் சொத்துப் பற்றி விசாரிப்பவர்கள்: "பிரேக் பேட், ஃபில்டர், அப்படி ஏதாச்சும் வாங்கி வெச்சிருக்கீங்களா?" பதினாறாம் நாள் தாண்டினால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது எதிர் இலைக்காரர் தலையை நிமிர்த்தி, "வருசம் ஒண்ணு ஓடிப்போச்சல்லங்க" என்றார்.

இதில் ஒன்று எனக்கு இன்னும் ஆறவில்லை. 2021 மே, ஜூன் மாதங்களில் எங்கள் பக்கத்திலேயே கொரோனாவுக்கு ஆள் பறிகொடுத்த வீடுகள் இருந்தன. அந்த வாசல்படியை மிதிக்கப் பயந்தவர்கள், தெருமுனையில் நின்றே கும்பிடு போட்டவர்கள், என் வீட்டுக்குத் தைரியமாக வந்து உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். பத்து வருஷத்தில் இந்தியாவில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனி சொன்னது. அது கணக்கு. காரணம் வேறு. ஆனால் அதைச் சொல்லவிடாமல் நடுவில் வந்து நிற்பது இந்த பார்ட்ஸ் கேள்விதான்.

"பார்ட்ஸ் கிடைக்குதுங்களா?" சித்தூரில் கேட்கிறார்கள், வேலந்தாவளத்தில் கேட்கிறார்கள். கோபாலபுரம் எல்லையில் இளநீர் சீவுகிறவர் அரிவாளை ஓங்கினபடியே கேட்கிறார். மலையாளத்திலும் இதே கேள்விதான்: "பார்ட்ஸ் கிட்டுமோ?" கிடைக்கிறது என்று சொல்லிப் பார்த்தாயிற்று. சர்வீஸும் உதிரிபாகமும் தொடர்ந்து தருவோம் என்று கம்பெனி அன்றைக்கே சொன்னதையும், கோயம்புத்தூர் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பதையும் சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்பவர் முகம் வாடிப்போகிறது. பதிலுக்காகக் கேட்டால்தானே. நம்மில் யார்தான் இன்னொருவர் வண்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறோம்? ரீசேல் என்ன வரும், கம்பெனி இருக்குமா, இதைக் கேட்காவிட்டால் நமக்குச் சோறு இறங்குவதில்லை. கேட்கிறவர் வீட்டு மிக்ஸியைச் செய்த கம்பெனி எந்தக் காலத்தில் மூடியதோ, ஜாருக்கு வாஷர் கிடைக்காமல் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டிருப்பார். அதைப் பற்றி நான் கேட்டேனா?

இதில் உச்சம் வண்டன்மேட்டில்தான். மச்சினன் அங்கே ஏலத்தோட்டத்தில் இருக்கிறான். உடுமலை, மறையூர், மூணாறு, பூப்பாறை வழியாக, அந்த வளைவுகளிலெல்லாம் ஃபிகோ சமர்த்தாக ஏறிப் போய்ச் சேர்ந்தது. இறங்கினதும் அங்கிருந்த ஜீப் டிரைவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, கம்பெனி ஓடிப்போன வண்டியில இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க" என்றார்.

அவருடைய ஜீப்பைப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்னாலேயே கம்பத்துப் பக்கமிருந்து காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற ஜீப்புகளில் ஒன்று. எஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் இன்னொன்றுடையது. பானெட் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. கதவு இருந்த இடத்தில் கயிறு. அதன் சொந்தக் கம்பெனி இருக்கிறதா, பார்ட்ஸ் வருகிறதா என்று இடுக்கி ஜில்லாவில் ஒரு மனிதர் கேட்டதில்லை. வண்டி ஓடுகிறது, ஆள் ஏறுகிறது, அவ்வளவுதான். அதுதானே நியாயம்?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜீப்பையே ஃபோர்டும் செய்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் கம்பெனி ஜீப் செய்தது. அது போதவில்லை என்று அதே ஜீப்பைச் செய்யும்படி ஃபோர்டிடமும் ராணுவம் சொன்னது. ஃபோர்டு செய்தது மட்டும் சுமார் 2,80,000. போல்ட் தலையில்கூடத் தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்துத்தான் அனுப்பினார்கள். போர் முடிந்து, 1947-ல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. உங்கள் ஜீப்பு அந்த வம்சம்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

டிரைவர் பீடியைக் கீழே போட்டார். "அப்ப ஜீப்புக்கும் இனிமே பார்ட்ஸ் வராதாண்ணே?"

மத்தியானத்துக்குள் ஸ்டாண்ட் முழுக்க இதுதான் பேச்சு. ஆமையாறு பக்கத்திலிருந்து ஒருவர் மச்சினனுக்குப் போன் போட்டு, ஜீப்பு கம்பெனியை மூடிட்டாங்களாமே என்று கேட்டார்.

நல்லவேளை, மற்றதை நான் வாய் திறக்கவில்லை. ஃபோர்டு 1995-ல் மறுபடி இந்தியாவுக்கு வந்ததே மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்துதான். கம்பெனியின் பெயரே மஹிந்திரா ஃபோர்டு இந்தியா. முதலில் எஸ்கார்ட் வந்தது. பிறகு ஃபோர்டு பங்கை அதிகமாக்கிக்கொண்டது, பெயரிலிருந்து மஹிந்திரா போனது, 1999-ல் ஐகான் வந்து இளவட்டங்களெல்லாம் அதைப் பார்த்து ஏங்கினார்கள். 2019-ல் மறுபடியும் மஹிந்திராவோடு சேருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். 2020 கடைசியில் அதையும் வேண்டாமென்று விட்டார்கள். இதையெல்லாம் ஸ்டாண்டில் சொல்லியிருந்தால் அடுத்த நாள் ஏலக்காட்டுக்கு ஒரு ஜீப்பும் ஏறியிருக்காது.

1995-ஐ "மறுபடி" என்று சொன்னேனே, அதுவும் ஒரு கதை. ஃபோர்டு போவது நமக்குப் புதிதல்ல. 1926-லேயே, கனடா ஃபோர்டின் கிளையாக, இங்கே கம்பெனி தொடங்கி வண்டி பூட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, உள்நாட்டிலேயே முழுசாகச் செய்யத் திட்டமில்லாதவர்களுக்கு இடமில்லை என்று அரசாங்கம் சொல்ல, 1950-களில் ஃபோர்டும் போனது, ஜெனரல் மோட்டார்ஸும் போனது. அப்போது வண்டி வைத்திருந்த ஜமீன்தார்கள் வீட்டுக்கும் யாராவது துண்டை மடியில் போட்டுக்கொண்டு போயிருப்பார்களோ என்னமோ. போனதற்கெல்லாம் துக்கம் கேட்பதும் இல்லை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டவே இல்லை. நூறு வருஷம் ஆயிற்று. மூணாறுக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். போனதைப் பெருமையாகச் சொல்ல வேண்டுமானால், ஒன்று அது வெள்ளத்தில் போக வேண்டும், அல்லது வெள்ளைக்காரன் காலத்தில் போயிருக்க வேண்டும். 2013 மாடல் டீசல் வண்டிக்கு அந்த பாக்கியம் இல்லை.

என் பார்ட்ஸைப் பற்றி இத்தனை விசாரித்தவர்களில் ஒருவர்கூட ஆலையில் வேலை பார்த்தவர்களைப் பற்றிக் கேட்டதில்லை. இரண்டு ஆலைகளும் சேர்ந்து சுமார் 4,000 பேர். 2022 மே கடைசியில் மறைமலை நகர் தொழிலாளர்கள் சரியான இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில்தான் கடைசி எக்கோஸ்போர்ட்டுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. சாணந்த் ஆலையையாவது டாடா வாங்கி வேலைக்கும் எடுத்துக்கொண்டது. என் திண்ணையில் நானே இந்தப் பேச்சை எடுத்தபோது, தவேராக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு செட்டில்மென்ட் குடுத்துருவாங்க. உங்களுக்கு யாருங்க குடுப்பா?" என்றார். அன்றைக்கு அவருக்குக் காப்பி வரவில்லை. உள்ளே சொல்லிவிட்டேன்.

ஆக, காரணம். சென்ற வாரம் இதைப் பற்றி ஒரு புரோக்கரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிக்காரர். போன வருஷம் இதே வண்டியைப் பார்த்து, "கம்பெனியே இல்லீங்க, இரும்பு வெலைக்கு வேணா கேட்டுப் பார்க்கறேன்" என்றவர். இப்போது குரலைத் தாழ்த்தி, "அவசரப்பட்டு வித்துறாதீங்க. 2029-ல கேக்கற ஆளே வேற" என்றார். 2029-ல் எஞ்சின் கப்பலேறப் போகிறது, கேட்கிற ஆளும் அங்கேதான் இருப்பான், என் ஃபிகோவுக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கத்தினேன். அவர் அசையவில்லை. "அது இருக்கட்டுமுங்க, மைலேஜ் என்ன குடுக்குது?"

இருபது கொடுக்கிறது. உள்ளதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இருபது என்றால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், பதினெட்டு என்றால் "ஹைவேயிலயா?" என்கிறார்கள். இப்போதெல்லாம் பன்னிரண்டு என்று சொல்லிவிடுகிறேன். "அச்சச்சோ" என்கிறார்கள், முகம் அப்படியே மலர்ந்துவிடுகிறது, வேறு ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறார்கள். புரோக்கரிடம் பத்து என்றேன்.