பேரப்பிள்ளை எடுத்த வயதில் என்ன கேடு?

கல்முனையில் ஐம்பதைத் தொடும் ஒருத்தி "இந்த வாழ்க்கை எனக்குப் போதும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். ஊர் முதலில் தண்ணி ஓதிக் குடிக்கக் கொடுக்கும். "பேரப்புள்ள எடுத்த வயசில இவளுக்கு என்ன கேடு?" என்று சாச்சிமார் தலையில் கை வைப்பார்கள். அதே வயதில் மாப்பிள்ளை இரண்டாம் கலியாணம் பேசினால் அது கேடல்ல, சுன்னத்து.

இத்தனைக்கும் அவள் சொர்க்கத்தைக் கேட்கவில்லை. சுபஹு தொழுதுவிட்டு யாருக்கும் தேத்தண்ணி ஊத்தாத ஒரு காலை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணின் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவர். 2004 டிசம்பர் 26இல் உம்மா கொடுத்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. அரசாங்கம் மாற்று வீடு தந்தபோது 'குடும்பத் தலைவர்' யாரென்று கேட்டு, பெரும்பாலும் ஆணின் பெயரையே எழுதியது. கடல் எடுத்தது சுவரைத்தான். உறுதியை எடுத்தது கந்தோர். பிறகு மகளுக்கு வீடு வேண்டுமே? சவூதிக்குப் போய் ஊரான் வீட்டுக் கக்கூஸ் கழுவினாள். கல், மணல், சீமெந்து எல்லாம் அவள் காசு. குடிபுகும் நாளில் வாசலில் நின்று சலாம் வாங்கியவர் அவள் புருஷன். அவள் குசினியில் சகன் அடுக்கிக்கொண்டே, இளையவளின் வீட்டுக்கு அத்திவாரம் போடக் கணக்குப் பார்த்தாள்.

இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அவளிடம் மிகவும் பரிவானது. கலியாணப் பதிவில் கையெழுத்துப் போடும் சிரமத்தைக்கூட அவளுக்கு வைக்கவில்லை. வலியாக, அதாவது பொறுப்பாளராக, நின்று வாப்பா போட்டார். வெளியேறத்தான் கொஞ்சம் பாடு. அவர் தலாக் சொல்லக் காரணம் வேண்டாம், காதி நீதிபதிக்கு அறிவித்தால் காரியம் நடக்கும். அவள் பஸஹ் என்னும் விவாகரத்தைக் கேட்டால் காரணமும் வேண்டும், சாட்சியும் வேண்டும். கதவைச் சாத்திவிட்டு அடித்த அடிக்கு யாரைக் கூட்டிவருவாள், நுளம்பு வலையையா? அவளுக்காகப் பேசச் சட்டத்தரணி வர முடியாது. காதி ஆண்தான் என்று சட்டமே சொல்கிறது. பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறவர்களும் ஆண்கள்.

சும்மா இருந்தார்களா? 2009இல் இந்தச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை 2018இல் வந்தது. அந்த ஒன்பது வருடத்தில் இவள் வெளிநாடு போய்வந்து ஒரு மாடிவீட்டையே முடித்திருப்பாள். குழுவினரோ ஒரே கருத்துக்கு வர முடியாமல் இரண்டாகப் பிரிந்தார்கள்.

அவர்களிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.